ஜல்தி மாமூவும் துர்கய்யாவும்

நர்சிங் ராவ் மேல் எனக்குப் பொறாமை. "இருந்தது" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் பொய் எழுதி என்ன சாதிக்கப் போகிறான் என்று தோன்றியதால் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அவர் என்னைவிடப் பெரிய பதவியில் இருந்ததில்லை. என்னைவிட அதிகம் படித்தவருமில்லை. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு நாள் காலையில் ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரை ஐதராபாத்தின் மேற்குக் கோடியில் இன்றைக்கும் யாராவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது பரவுவதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

நான் வேலைக்கு வந்த கதை பெரிதாக ஒன்றுமில்லை. திருநெல்வேலியில் டிப்ளமோ முடித்து, ஐதராபாத்தில் சித்தப்பா வீட்டில் வந்து இறங்கி, பட்டான்செரு பக்கம் டர்பைன் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு வருடம் பயிற்சி, சில வருடம் மெஷின் ஷாப் என்கிற பட்டறை, அதன்பின் பாதுகாப்புப் பிரிவு. ராமச்சந்திராபுரத்தில் வாடகை வீடு. காலை ஆறேகாலுக்குக் கம்பெனி பஸ், மூன்றரைக்குத் திரும்பும் பஸ். மனைவி எஸ்தர், மகள் ரூத். என் பெயர் ஜெபமணி.

பாதுகாப்புப் பிரிவு என்றதும் பெரிய படை என்று எண்ணிவிட வேண்டாம். ஹைமவதி மேடம் மேனேஜர், அவருக்குக் கீழே நான், ஒரு தட்டச்சு இயந்திரம். மேடம் சித்தூர்க்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். அலுவலக அறைக்குள்ளும் ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். நாம் எழுதிக்கொண்டு போகிற தாளை, நம்மை எதிரே நிற்கவைத்து, கையில் பென்சிலோடு கடைசி வரி வரை படிப்பார். பிடித்திருந்தால் மூலையில் ஒரு சின்ன டிக். பிடிக்கவில்லையென்றால் பென்சிலைத் தாளின் குறுக்கே படுக்கவைத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். திட்ட மாட்டார். நாலு வார்த்தை திட்டிவிட்டால் தேவலை என்றிருக்கும்.

எங்கள் வேலைமுறை இது. விபத்து நடந்தாலும், நடக்கவிருந்து தப்பித்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்ட வேண்டும். ஒரு நட்டைக்கூட நகர்த்தக் கூடாது. அங்கிருந்தவர்களைத் தனித்தனியாக அழைத்து வாக்குமூலம் எழுத வேண்டும். இதில் மேடத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மிகக் குறைவாகப் பார்த்தவனைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். "எல்லாத்தையும் பாத்தேங்கறவன் கதை சொல்லுவான். கொஞ்சமா பாத்தவன் பாத்தத மட்டும் சொல்லுவான்" என்பார். பிறகு அறிக்கை. அறிக்கைக்குப் பின், மற்றவர்கள் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியதை ஒரே பக்கத்தில் தெலுங்கு, ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் எழுதி, ஒவ்வொரு ஷாப்பிலும் இருக்கும் கண்ணாடிப் பலகைக்குள் ஒட்ட வேண்டும். அதற்குப் பாடக் குறிப்பு என்று பெயர்.

பாடக் குறிப்பில் அடிபட்டவனின் பெயர் வரக் கூடாது. விரல் போனவனுக்கு மானமும் போக வேண்டாம் என்பதற்காகப் போட்ட விதி அது. அதனால் நான் "ஒரு தொழிலாளி" என்று எழுதுவேன். ஒரு தொழிலாளி பெல்ட் அணியாமல் ஏறினார். ஒரு தொழிலாளி கண்ணாடி அணியாமல் கிரைண்டரில் வேலை செய்தார். வருடக்கணக்காக அந்த ஒரு தொழிலாளியை விழவைத்தும் கண்ணைக் கெடுத்தும் எழுதிக்கொண்டிருந்தேன். பலகைகளின் சாவிக்கொத்து என் இடுப்பில் தொங்கும், அதில் எனக்குப் பெருமை. உள்ளே ஒட்டியதை யாரும் படித்ததாக எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றெட்டில் நர்சிங் ராவ் எங்கள் பிரிவுக்கு வந்தார். வெல்டர். கண்ணில் கோளாறு வந்து, இனி வெல்டிங் வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்ததால் எங்களிடம் அனுப்பினார்கள். தாய்மொழி தெலுங்கு, ஆனால் பழைய நகரத்தில் வளர்ந்தவர், வாயைத் திறந்தால் தக்கணி உருதுதான். அவர் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன், சில சொற்களை மட்டும் அப்படியே விடுகிறேன்.

வந்த வாரமே என் குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு என்னிடம் திரும்பினார். "மியா, ஒரு தொழிலாளின்னா எவன்? அவனுக்குப் பொண்டாட்டி இருக்காளா? பீடி குடிப்பானா? ஒண்ணும் தெரியல. பேர் இல்லாதவன் விழுந்தா எனக்கென்ன? ஏக் நாம் ஹோனா. ஒரு பேர் வேணும்."

"பேர் போடக் கூடாதுங்கறது ரூல்" என்றேன்.

"இருக்கிறவன் பேர்தானே போடக் கூடாது? இல்லாதவன் பேர் போட கைக்கு பயம்?" கைக்கு என்றால் அவர் பேச்சில் எதற்கு என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் வேலை தொடங்கும் முன் நடக்கும் கூட்டம். குறிப்பை வாசிக்க வேண்டியவன் நான். தொண்டை சரியில்லை என்று அவரிடம் கொடுத்தேன். வாழ்க்கையில் நான் செய்த முதல் தவறு அது. அவர் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேத்து நம்ம ஜல்தி மாமூ ஏணியில ஏறினாரு. பெல்ட் எங்க மாமூன்னு கேட்டேன். ரெண்டு நிமிஷ வேலைக்கு பெல்ட் கைக்குன்னாரு. ஏறுறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. இறங்குறதுக்கு அவ்வளவு நேரம் ஆகல."

ஜல்தி என்றால் அவசரம். மாமூ என்பது மாமாவை ஐதராபாத்தில் செல்லமாகச் சொல்வது. அவசர மாமா, அவ்வளவுதான். ஷாப் முழுக்கச் சிரித்தது. ஒரு மாதத்துக்குள், பெல்ட் இல்லாமல் ஏறுகிறவனைப் பார்த்துக் கீழே நிற்பவன் "ஜல்தி மாமூ நக்கோ பனோ" என்பான், அப்படி ஆகாதே என்று. ஏறினவன் அசட்டுச் சிரிப்போடு இறங்கி வருவான். மூன்று மொழியில் நான் எழுதிய குறிப்புகள் ஒருவனையும் ஒரு படிகூட இறக்கியதில்லை.

அதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். குழம்பு கொதிக்கும் முன் இறக்கினால் கேன்டீன்காரர் ஜல்தி மாமூ. ஆள் ஏறும் முன் கிளப்பினால் டிரைவர் ஜல்தி மாமூ. தொழிலாளிகளே புதுக் கதைகள் கட்டத் தொடங்கினார்கள். மாமூ தன் கல்யாணத்துக்கு முந்தின நாளே போய் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாராம், வேறு யாருடைய கல்யாணத்திலோ மாலையும் போட்டுக்கொண்டாராம். பெயின்டர் ஒருவர் ஒரு காலில் மட்டும் ஷூ போட்ட மாமூவைச் சுவரில் வரைந்தே விட்டார். எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நர்சிங் ராவுக்குக் கை கொடுப்பார்கள். நான் பக்கத்தில் சாவிக்கொத்தோடு நிற்பேன்.

கதையில் வருகிற பெயர் பேச்சில் சொல்லாக மாறுவது நமக்குப் புதிதில்லை. தூங்குகிறவனுக்கு ஓர் அரக்கன் பெயர் வைத்திருக்கிறோம், கலகம் மூட்டுகிறவனுக்கு ஒரு முனிவர் பெயர், கூட இருந்து குழி பறிக்கிறவனுக்கு ஒரு தாய்மாமன் பெயர். யார் முதலில் சொன்னது, எந்தத் தெருவில் சொன்னது, ஒருவருக்கும் தெரியாது. பெயர் நின்றுவிட்டது, சொன்னவன் போய்விட்டான். இதை நினைத்துக் கொஞ்ச நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். நர்சிங் ராவையும் ஒரு நாள் மறந்துவிடுவார்கள் என்று. மறக்கிற வழியாகத் தெரியவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ரூத் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஹிந்தியிலும் தெலுங்கிலும் பதில் சொல்வாள். ஒரு நாள் எஸ்தர் தோசையை வேகும் முன்னே திருப்பினாள். "அம்மா, ஜல்தி மாமூ நக்கோ" என்றது பிள்ளை. நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"என்னத்துக்கு இப்பம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீய?" என்றாள் எஸ்தர்.

"ஒண்ணுமில்ல."

"அந்த மனுசன் மேல ஒமக்கு வயித்தெரிச்சல். சாப்பிட்டுட்டு எரியும், வெறும் வயித்துல எரிஞ்சா புண்ணுதான் வரும்."

ரூத் வளர்ந்து, அமீர்பேட்டில் மூன்று மாதம் ஏதோ கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய், மாதாப்பூரில் வேலைக்கும் சேர்ந்தாள். அவளைப் போலவே ராமச்சந்திராபுரத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் போனார்கள், கூடவே அந்தப் பெயரும் போனது. ஒரு மாலை போனில் யாரிடமோ, சோதிக்காமல் அனுப்பிய புரோகிராமை "ஜல்தி மாமூ வேலை" என்று திட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் பூனாக்காரர் என்றாள் பிறகு. பூனாக்காரருக்கு அது புரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், எனக்கும் ஒரு பெயர் வேண்டும்.

அவசரத்துக்கு ஆள் ஆகிவிட்டது. மறதிக்கு ஆள் இல்லை. எங்கள் தொழிலில் மறதி லேசான குற்றமில்லை. டர்பைனின் இரும்புக் கூட்டை, கேசிங் என்போம், மூடும்போது உள்ளே ஒரு ஸ்பேனர் தங்கிவிட்டால் ஓடத் தொடங்கிய நிமிடத்தில் எல்லாம் நொறுங்கும். ஆகவே மறதிக்காரன். அவனுக்கு நர்சிங் ராவ் வைத்ததுபோல் பட்டப்பெயர் வேண்டாம், முழு மனிதனின் பெயராக இருக்கட்டும் என்று ஒரு வாரம் யோசித்தேன். துர்கய்யா. வாய்க்கு வசதியான பெயர். அந்தப் பெயரில் நான் யாரையும் பார்த்ததில்லை. அவனுக்கு நெற்றியில் கண்ணாடி, அதைத் தேடும் கைகள், வாய்க்குள் ஒரு நட்டு எல்லாம் கொடுத்து எழுதினேன்.

பெயரைச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. பர்சனல் பிரிவின் பெரிய பதிவேட்டைப் புரட்டினேன், துர்கய்யா இல்லை. ஆனால் அதில் நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான் இருப்பார்கள். காண்ட்ராக்ட் ஆட்களின் பெயர்கள் அந்தந்தக் காண்ட்ராக்டரின் ரிஜிஸ்தரில், மூன்றாவது கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகைகளில் இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க இரண்டு நாளாகும். அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை பாதுகாப்பு வாரம் தொடங்குகிறது. நர்சிங் ராவ் மாமூவுக்குப் புதுக் கதை தயார் செய்துகொண்டிருந்தார்.

மேடம் படித்து முடித்தார். "நல்லா இருக்கு. எல்லா ரிஜிஸ்தரும் பாத்தாச்சா?" என்றார்.

"பாத்தாச்சு மேடம்" என்றேன்.

மூலையில் டிக் விழுந்தது.

துர்கய்யா பிடித்துக்கொண்டான். நானே எதிர்பார்க்கவில்லை. குடையை விட்டுவிட்டுப் போகிற கிளார்க்கைப் பார்த்து "க்யா துர்கய்யா" என்கிறார்கள். சாவியை வண்டியிலேயே விட்டவனை துர்கய்யா என்கிறார்கள். பஸ்ஸில் யார் யார் சொல்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நர்சிங் ராவ் என் தோளில் தட்டி, "மியா, ஜபர்தஸ்த் பேர். என் மாமூவுக்கு ஒரு தோழன் கிடைச்சான்" என்று மனதாரச் சொன்னார். அவர் முகத்தில் துளிப் பொறாமையாவது தெரிகிறதா என்று பார்த்தேன். இல்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு பிற்பகல் அசெம்பிளி ஷாப்பிலிருந்து அழைப்பு. கேசிங்கின் மேல்பாதியைக் கிரேனில் தூக்கி, மூடப்போகிற நேரத்தில் கணக்கு இடிக்கிறது. கேசிங்குக்குள் போகிற ஒவ்வொரு கருவியையும் அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் புத்தகத்தில் எழுதுவார், வெளியே வந்ததும் கோடு போட்டு அடிப்பார். ஒரு ரிங் ஸ்பேனருக்குக் கோடு விழவில்லை. மேல்பாதி அந்தரத்தில் தொங்குகிறது. நான் கயிற்றோடு போனேன்.

ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே எதிரே வந்தார். "வாங்க சார். துர்கய்யா கேஸ்."

விபத்து இடத்துக்குப் போகிறவனுக்கு வரக்கூடாத ஒரு மகிழ்ச்சி எனக்கு வந்தது. மறைத்துக்கொண்டு, "புத்தகம் எழுதின ஆள் யாரு?" என்றேன்.

"அதான் சார், துர்கய்யா."

"கேலி அப்புறம் பண்ணலாம். ஆளோட பேரச் சொல்லுங்க."

ஃபோர்மேன் கையைக் காட்டினார். மேசையருகில் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர், காதில் பென்சில், நின்றுகொண்டிருந்தார். பேச்சு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்து என்னிடம் நீட்டினார். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தருகிற மஞ்சள் பாஸ். துர்கய்யா என்று அச்சாகியிருந்தது.

"நேனு மர்ச்சிபோலேது சார்" என்றார். நான் மறக்கவில்லை என்று. நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை.

மேடத்தின் வழக்கம், குறைவாகப் பார்த்தவனை முதலில் கூப்பிடுவது, எல்லாம் மறந்துபோயிற்று. கேசிங்கைச் சுற்றி நின்ற ஃபிட்டர்கள் நான்கு பேரை வரிசையாக அழைத்தேன். நான்கு பேரும் ஒரே வாக்கியம் சொன்னார்கள், துர்கய்யா மறந்திருப்பான் என்று. நான்காமவனிடம் கேட்டேன், "நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படிச் சொல்றே?"

"அவன் துர்கய்யாதானே சார்" என்றான்.

கடைசியாக அவரிடம் பேசினேன். எட்டு வருடமாக அந்தப் புத்தகத்தை எழுதுகிறார். ஒரு கோடு தவறியதில்லை. பலகையில் அந்தத் தாள் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஃபிட்டரும் உள்ளே போகும்போதும் வரும்போதும் "லோபலே உந்தா துர்கய்யா?", உள்ளேயே இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் சிரிப்பானாம். "யார் எழுதினாங்கன்னு தெரியல சார். என்னைப் பாத்துத்தான் எழுதினாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் என்ன தப்பு செஞ்சேன் சார்?" என்று தெலுங்கில் கேட்டார். எழுதினவன் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன். "விசாரிக்கிறோம்" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அன்றே மேடத்திடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. சொன்னால் பெயரைத் திரும்பப் பெற வேண்டும், அப்புறம் ஊரில் மிச்சம் இருக்கப்போவது ஜல்தி மாமூ மட்டும். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் அன்று மனதில் ஓடியது இதுதான். ஒரு மனிதரின் பாஸ் போகப்போகிறது, நான் யாருடைய பெயர் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மேடம் என் நான்கு வாக்குமூலங்களையும் படித்துவிட்டுப் பென்சிலைக் குறுக்கே வைத்தார். "நாலு பேரும் ஒரே மாதிரி பேசறாங்க. கிரேன்ல இருந்தவரக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போய்க் கேட்டேன். கிரேன் டிரைவர் மேலிருந்து ஏதும் பெரிதாகப் பார்க்கவில்லை என்றார். பஸ் ஹாரன் அடித்தபோது ஒருவன் கேசிங்கின் பின்பக்கமாக ஏணி வைத்து இறங்கியதை மட்டும் பார்த்தாராம். அந்த ஃபிட்டரின் லாக்கரைத் திறந்தால் ஸ்பேனர் அவன் பைக்குள் இருந்தது. முன்பக்கமாக வந்தால் புத்தகத்தில் கோடு போடவைக்க வேண்டும், மூன்றரை பஸ் போய்விடும், காலையில் கொண்டுவந்து கொடுத்துக்கொள்ளலாம் என்று போயிருக்கிறான். மறதி எங்குமே இல்லை. சுத்தமான ஜல்தி மாமூ வேலை. அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியோடு காண்ட்ராக்டரின் கொட்டகைக்குப் போனேன். துர்கய்யாவின் பாஸ் அவர் மேசையில் கிடந்தது. முந்தின நாள் மாலையே வாங்கிவிட்டார்.

"ஸ்பேனர் கிடைச்சிருச்சு. இவர் மேல தப்பில்ல" என்றேன்.

"தெரியும் சார். ஆனா எந்த ஃபோர்மேனும் இந்தப் பேர் இருக்கிறவன கேசிங் பக்கம் விடமாட்டேங்கறான். பேர் கெட்டுப்போச்சு. வேற ஆளப் போட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "ஒரு பேரு வேணும்னு அடுத்தவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீய" என்றாள். மறுநாள் காலை, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மேடம் அறைக்குப் போனேன்.

"காண்ட்ராக்ட் ரிஜிஸ்தர் நான் பாக்கல மேடம். பாத்தேன்னு பொய் சொன்னேன்."

பென்சில் படுத்தது. "ஏன்?"

"நர்சிங் ராவ் மேல பொறாம. அவருக்கு முன்னாடி எம்பேர் வரணும்னு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்கு முன் அவர் தலையை நான் பார்த்ததில்லை, பாதி நரைத்திருந்தது. "சாவி உங்ககிட்டதானே இருக்கு. நீங்களே போய்க் கிழிங்க. ஒவ்வொரு ஷாப் மீட்டிங்லயும் நின்னு, தப்பு உங்களுதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு காண்ட்ராக்டருக்கு ஒரு குறிப்பு எழுதினார். துர்கய்யாவின் கையெழுத்து இல்லாமல் எந்தக் கேசிங்கும் மூடப்படக் கூடாது, மூடினால் பாதுகாப்புப் பிரிவு ஒப்புதல் தராது. அன்று மாலையே மஞ்சள் பாஸ் திரும்பி வந்தது.

ஒவ்வொரு ஷாப்பாகப் போனேன். பலகையைத் திறந்து தாளைக் கிழித்தேன். "அந்தப் பெயர் நம்மோடு வேலை செய்யும் ஒருவருடையது. நான் சரிபார்க்காமல் எழுதினேன். அவர் எதையும் மறந்தவரில்லை" என்று தெலுங்கில் எழுதிவைத்து வாசித்தேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் கலையும்போது ஒருவன் தன் கையுறையைத் தேடினான், பக்கத்திலிருந்தவன் "துர்கய்யா" என்றான். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பலகைக்குச் சாவி இருந்தது, வாய்க்கு என்ன செய்வது?

இரண்டு வாரம் பொறுத்து துர்கய்யா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். எழுதினது நான் என்று இப்போது அவருக்குத் தெரியும். என்னைக் குறை சொல்லவில்லை. "பேரை மாத்தணும்னா எந்த ஆபீசுக்குப் போகணும் சார்? நீங்க படிச்சவர், தெரியும்னு கேக்கிறேன். அப்பா வெச்ச பேருதான். ஆனா பாஸ்ல வேற பேர் இருந்தா கேலி பண்றத விட்டுருவாங்கன்னு நினைக்கிறேன்" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன்.

நர்சிங் ராவ் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "நக்கோ அண்ணா. அப்பா வெச்ச பேர் இருக்கட்டும். நான் ஒரு கதை சொல்லவா? உன்னைப் பத்தி. உனக்குப் பிடிக்கலைன்னா சொல்லமாட்டேன்." அவரை எதிரே உட்காரவைத்து, முழுக் கதையையும் முதலில் அவருக்கே சொல்லிக் காட்டினார். இரண்டு இடத்தில் துர்கய்யா திருத்தினார். கடைசியில் "ஹவ்", ஆமாம் என்று தலையசைத்தார். பெயருக்கு உரியவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் அசெம்பிளி ஷாப்பில் அந்தக் கதை. ஜல்தி மாமூ ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கமாக இறங்கி பஸ் ஏறிவிட்டார். கேசிங்கை மூடு என்கிறார் ஃபோர்மேன். துர்கய்யா புத்தகத்தைப் பார்த்து, "ஒரு கோடு பாக்கி சார்" என்கிறார். மேனேஜர் வந்து சத்தம் போடுகிறார். ஒரு கோடு பாக்கி சார். பெரிய மேனேஜர் காரில் வந்து இறங்குகிறார். அவருக்கும் ஒரு டீ கொடுத்து உட்காரவைத்துவிட்டு, ஒரு கோடு பாக்கி சார். நர்சிங் ராவ் ஒவ்வொரு முறையும் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் துர்கய்யா போலவே சொன்னார். பின்வரிசையில் நின்ற துர்கய்யா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மூன்றாவது முறை ஷாப்பே சேர்ந்து சொன்னது.

நான்கைந்து மாதத்தில் அந்தப் பெயர் திரும்பிவிட்டது. மறந்தவனைத் துர்கய்யா என்பது தேய்ந்து, எண்ணிக்கை தவறாதவனைத் துர்கய்யா என்பது வந்தது. சந்தேகம் என்றால் "துர்கய்யாவக் கேளு" என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரூத் தன் ஆபீசில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். புரோகிராமில் ஒரு பிழை பாக்கியிருந்தாலும் வெளியே விடமாட்டாளாம். "ஷி இஸ் அவர் துர்கய்யா, டாடி" என்றாள். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். ஒரு மனிதர் தப்பித்தார் என்ற நிம்மதி நிஜம். தப்பிக்கவைத்தவரும் நர்சிங் ராவாகப் போய்விட்டாரே என்ற எரிச்சலும் நிஜம்.

நர்சிங் ராவ் எனக்கு முன்பே ஓய்வுபெற்று மகனோடு வாரங்கல் போய்விட்டார். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் என் முறை வந்தது. கேன்டீன் ஹாலில் மாலை, சால்வை. புதிதாக வந்திருந்த பொது மேலாளர் பேசினார். இந்தப் பிரிவிலிருந்து நர்சிங் ராவ் என்பவர் இரண்டு பெயர்களை நமக்குத் தந்திருக்கிறார், அவசரத்துக்கு ஜல்தி மாமூ, கவனத்துக்குத் துர்கய்யா, அப்படிப்பட்டவரோடு வேலை பார்த்த பாக்கியம் ஜெபமணிக்கு, என்றார். என் பிரிவு உபசாரத்தில். பிறகு மைக்கை என் கையில் கொடுத்தார்.

துர்கய்யா என்பது நான் வைத்த பெயர். ஒரே ஒரு வாக்கியம், இதைவிட்டால் வேறு நாள் வராது. வாயைத் திறந்தபோது மூன்றாவது வரிசையில் துர்கய்யாவைப் பார்த்தேன். துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இருபக்கமும் புதிதாகச் சேர்ந்த பையன்கள், கதையில் வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர் முதலில் எதற்காக வைக்கப்பட்டது என்பது அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. நான் மைக்கைப் பிடித்த நிமிடத்திலிருந்து துர்கய்யா அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சார்" என்றேன். "அந்த ரெண்டு பேரையும் வெச்சது நர்சிங் ராவ்தான்."

கைதட்டல் கேட்டது. துர்கய்யா தலையைக் குனிந்துகொண்டார், தோள்கள் இறங்கின, பிறகு அவரும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவர் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தொழிற்சாலையில் இப்போது தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை, விசாரித்துவிட்டேன். ஆகையால் இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன். துர்கய்யா நான் வைத்த பெயர்.